பழைய அவுட்போர்டு எஞ்சின்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு தவறு, கோளாறு எங்கே என்று தெரிவதற்கு முன்பே சாமான் மாற்ற ஆரம்பிப்பது. பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், பக்கத்து வள்ளக்காரர் சொன்னார் என்று பொறிக்கு மின்சாரம் அனுப்பும் சிடிஐ பெட்டியையும் மாற்றிவிடுவார்கள், கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டிருப்பார்கள். என் முதல் எஞ்சினுக்கு நானும் ஒரு காயில் வாங்கினேன். கோளாறு காயிலில் இல்லை. எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சுக்குப் போகும் ஒயர் மேல்மூடியின் ஓரத்தில் உரசி உரசி, தோல் போய் செம்பு தெரிந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும் அதற்கு.

குமரி மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களில் நிறையப் பார்க்கிற எஞ்சின்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: 8 முதல் 15 எச்பி வரை, இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. யமஹா எண்டுரோ, சுசுகி டிடி வரிசை மாதிரியானவை. இவற்றில் பல பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு தண்ணீர் பம்ப், கியர், ப்ரொப்பெல்லர் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும், மற்றவை முழுதாகப் பொருந்தாது.

வாங்கும் முன்

விற்பவருக்கு முதல் நாளே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் மேல்மூடியைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற எஞ்சினாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு மற்றதைப் பாருங்கள், அல்லது ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

அப்புறம் கயிற்றை மெதுவாக இழுங்கள். வேகம் வேண்டாம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கை தடுத்து விடுவது தெரிய வேண்டும், இரண்டு தடுப்பும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். கரகரவென்று உரசல் தெரிந்தாலோ, கயிறு வெண்ணெயில் இழுப்பது போல வந்தாலோ அங்கேயே கவனம் வேண்டும்.

கையால் தெரிவதை, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் எண்ணாகச் சொல்லும். பைக் மெக்கானிக்கிடமே இருக்கும், 14 மி.மீ. பிளக் துளைக்குப் பொருந்துகிற அடாப்டர் உண்டா என்று மட்டும் பார்த்து வாங்கிப் போங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எஞ்சின் உலோகத்தில் தொடும்படி கட்டி வையுங்கள், திறந்த வெளியில் தொங்கவிட்டு இழுத்தால் சிடிஐ கெட வாய்ப்பு உண்டு. த்ராட்டிலை முழுதாகத் திறந்து நாலைந்து இழுப்பு, முள் ஏறுவது நிற்கும்வரை. ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டும். மண்ணெண்ணெய் மாடல்களில் கம்ப்ரஷனே குறைவாக வைத்துத்தான் செய்கிறார்கள், அதனால் எண் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று 110, இன்னொன்று 105 என்றால் நல்ல எஞ்சின். ஒன்று 110, இன்னொன்று 85 என்றால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர், கேஸ்கட் இதில் ஏதோ ஒன்று போயிருக்கிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகி அழகாக ஓடிக் காட்டினாலும் சரி.

அடுத்தது கியர் ஆயில். ப்ரொப்பெல்லருக்கு முன்னால் கியர் பெட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சமாகத் தளர்த்தி நாலு சொட்டு விரலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால், உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் எண்ணெய் வந்தால் சீல் போயிருக்கிறது. சீல் மலிவு, ஆனால் உப்புத் தண்ணீரோடு எவ்வளவு நாள் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது, பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருந்தால் எஞ்சின் விலைக்கே சமமாகிவிடும். திருகு நுனியில் சாம்பல் நிற மாவு போல ஒட்டியிருப்பது தேய்மானம், அது சகஜம். அரிசி நொய் அளவு இரும்புத் துண்டு ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது, ஒரு குச்சியை இதழ் நுனியில் படாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஒரு இதழ் குச்சியைத் தொட்டு இன்னொன்று விலகிப் போனால் இதழ் வளைந்திருக்கிறது, அல்லது ஷாஃப்டே வளைந்திருக்கிறது. நடுவில் உள்ள ஷாஃப்ட் நுனியையும் பாருங்கள், அது ஆடாமல் ஒரே இடத்தில் நின்று சுற்ற வேண்டும்.

புதுப் பெயிண்ட் அடித்த எஞ்சினை நான் நம்புவதில்லை. உப்புக்காற்றில் வேலை செய்த எஞ்சின் பழசாகத் தெரிவதுதான் இயல்பு. போல்ட் தலைகள் ஸ்பானர் படாமல், பழைய பெயிண்டோடு இருந்தால் அது நல்ல அடையாளம். ஹெட் போல்ட்டுகள் மட்டும் பளபளவென்று, தலை மழுங்கி இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள், ஏன் பிரித்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று நம் பக்கத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது: இது கம்பெனியிலேயே மண்ணெண்ணெய்க்குச் செய்த எஞ்சினா, அல்லது பெட்ரோல் எஞ்சினை இங்கே மாற்றி ஓட்டியதா? மண்ணெண்ணெயின் ஆக்டேன் குறைவு. பெட்ரோல் எஞ்சினின் உயர்ந்த கம்ப்ரஷனில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து, உள்ளே சுத்தியலால் தட்டுவது போலத் தட்டும், அந்தத் தட்டலில் பிஸ்டன் தலை குழிவிழுந்து கடைசியில் ஓட்டையாகும். கேஸ்கட்டை இரண்டாகப் போட்டு கம்ப்ரஷனைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அது எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று வெளியிலிருந்து தெரியாது. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் சாமான் கடையில் கேட்டால் அது எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள், அதோடு இம்பெல்லரும் (தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்) கேஸ்கட் செட்டும் இன்னும் கிடைக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வள்ளத்தின் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். ஷார்ட் ஷாஃப்ட் என்றால் 15 அங்குலப் பலகைக்கு, லாங் ஷாஃப்ட் என்றால் 20 அங்குலத்துக்கு. ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சரியாகவோ ஓர் அங்குலம் கீழேயோ வர வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று உயரம் பொருந்தாததை வாங்கினால் அலையில் ப்ரொப்பெல்லர் காற்றைக் கடிக்கும்.

எஞ்சின் எண் தகடு சுரண்டப்படாமல் இருக்கிறதா, பில் இருக்கிறதா, மானியத்தில் வாங்கியதா என்பதையும் கேளுங்கள். எண் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது வேறொரு குடும்பத்தின் சோறாக இருக்கலாம்.

கை வைப்பதற்கு முன்

200 லிட்டர் டிரம் ஒன்று, மேல் வெட்டியது. அதன் ஓரத்தில் பலகை கட்டி எஞ்சினை மாட்டி, நல்ல தண்ணீரை ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டுக்கு மேல் ஏறும்வரை நிரப்புங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், டிரம்மில் அது தேவையே இல்லை, விரல் போனால் வராது. தண்ணீர் இல்லாமல் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்று எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தண்ணீர் பம்புக்குள் இருப்பது ரப்பர், அது காய்ந்து ஓடினால் சில நொடிகளில் கருகும்.

கயிற்றை இழுக்கவே முடியவில்லை

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள், கியரில் இருந்தால் கயிறு பூட்டிக்கொள்ளும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. நியூட்ரலிலும் வராவிட்டால் கயிறு சுற்றும் மேல்தட்டைக் கழற்றுங்கள், மூன்று போல்ட்தான். இப்போது எஞ்சின் தலையில் தெரியும் கனமான சக்கரத்தை, அதுதான் ஃபிளைவீல், கையால் வலப்புறமாக, கடிகார முள் திரும்பும் பக்கம், திருப்புங்கள். இடப்புறம் திருப்பினால் பம்பின் ரப்பர் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கி ஒடியும். ஃபிளைவீல் சுற்றினால் கோளாறு கயிற்றுச் சுருளில், ஸ்பிரிங் அல்லது கயிறு மாட்டியிருக்கிறது. சுற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு துளையிலும் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். கம்பி போட்டு நெம்பாதீர்கள். ஊறிய பிறகும் அசையாவிட்டால் எஞ்சினைத் திறந்தாக வேண்டும், அந்த நிலையில் இருக்கும் எஞ்சினை சாமானுக்காக மட்டுமே வாங்கலாம்.

எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

பத்து இழுப்புக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதிலிருந்தே பாதை பிரியும்.

நனைந்திருந்தால் எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ) வருகிறது, தீப்பொறி வரவில்லை அல்லது எண்ணெய் அதிகமாகிவிட்டது. பிளக்கைத் துடைத்து ஒயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் உலோகத்தில் அழுத்திப் பிடித்து இழுங்கள். திறந்திருக்கும் பிளக் துளையைத் துணியால் மூடிவிட்டு, பெட்ரோல் கேனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள், தெறிக்கும் எண்ணெய்ப்புகையில் தீ பற்றியதைப் பார்த்திருக்கிறேன். நீல நிறத்தில் டிக் டிக் என்று சத்தத்தோடு பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் போதாது.

பொறி இல்லை என்றால் வரிசை இதுதான். கில் சுவிட்சில் மாட்டும் கயிற்றுக் கிளிப் இருக்கிறதா? இருக்கிறது என்றால் கில் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். அந்த ஒயரின் வேலையே எஞ்சினை எர்த் செய்து நிறுத்துவது, ஆகவே அது எங்காவது உடலைத் தொட்டால் எஞ்சின் எப்போதும் நிறுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கும். இதில் பொறி வந்துவிட்டால் காசு செலவில்லாமல் முடிந்தது. (கழற்றி ஸ்டார்ட் செய்தால் நிறுத்துவதற்கு சோக்கை இழுக்க வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.) அப்புறம் எர்த் ஒயர்கள் போல்ட்டில் சேரும் இடம். கடலில் ஓடிய எஞ்சினில் அங்கே பச்சையாகப் பூத்திருக்கும், எமரிக் காகிதத்தால் பளபளக்கத் தேயுங்கள். அப்புறம் பிளக். என்ஜிகே பி7எச்எஸ்-10 போல கடைசியில் 10 என்று முடிந்தால் இடைவெளி 1 மி.மீ., கண்ணளவாக வைக்காமல் கேஜ் போட்டு வையுங்கள். உங்கள் மாடலுக்கு எந்த பிளக் என்பதை கையேட்டைப் பார்த்தோ கடையில் கேட்டோ போடுங்கள், பக்கத்து எஞ்சினைப் பார்த்துப் போடாதீர்கள். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஃபிளைவீலுக்குக் கீழே உள்ள, சிடிஐக்கு மின்சாரம் தரும் சார்ஜ் காயில், பொறி வரும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில், பிறகு சிடிஐ. மீட்டர் வைத்து ஓம் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சிடிஐ பெட்டியை மட்டும் மீட்டரால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி.

பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. காற்றுத் திருகு, டேங்கிலிருந்து வரும் ஹோஸ், நடுவில் உள்ள கைப்பம்ப் இந்த வரிசையில் பாருங்கள். கைப்பம்பை அமுக்கினால் நாலைந்து அமுக்கில் கல் போலக் கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே ஆகாவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, பெரும்பாலும் ஹோஸ் முனையில் உள்ள சின்ன ஓ-ரிங். முன்பைவிட இப்போது இது அதிகம். இன்றைக்கு பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய எஞ்சின்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஊறி, தளர்ந்து, வெடிக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், கடற்கரையில் சொல்லவே வேண்டாம். ஒரு மாதம் கேனில் கிடந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள், அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து நிற்பது. அதை எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

நின்றதும் கைப்பம்பைப் பாருங்கள். சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் டேங்குக்குக் காற்று போகவில்லை அல்லது டேங்கில் உள்ள உறிஞ்சு குழாயின் சல்லடை அடைத்திருக்கிறது. நிற்கப் போகும் நேரத்தில் கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்ப் பலவீனம், அதற்குள் இருக்கும் டயஃப்ரம் கிழிந்திருக்கும். அந்த டயஃப்ரம் கிழிந்தால் எண்ணெய் நேராக ஒரு சிலிண்டருக்குள் போய் அந்த பிளக் மட்டும் எப்போதும் நனைந்திருக்கும், பலர் இதை பிளக் கோளாறு என்று நினைத்து மாதம் ஒரு பிளக் போடுகிறார்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் இன்னொரு காரணம், சூடேறும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. சில நிமிடம் பெட்ரோலில் ஓடட்டும். அதேபோல் கரை சேர்வதற்குக் கொஞ்சம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால் மறுநாள் விடிகாலையில் கயிறு இழுத்துத் தோள் போகும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது, ஸ்லோவில் ஓட மாட்டேன் என்கிறது

இது அநேகமாக எப்போதும் கார்புரேட்டர். மேலோட்டமாக கிளீனர் அடித்துவிட்டு மூடுவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. முழுதாகக் கழற்றுங்கள்.

கழற்றும் முன் பக்கத்தில் உள்ள ஸ்லோ திருகை வலப்புறம் மெதுவாக, அடியில் தொடும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றரைச் சுற்று அளவில் இருக்கும். திரும்பப் போடும்போது அந்த எண்ணுக்கு வைத்தால் பாதி வேலை முடிந்தது. கீழ்க்கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே பாருங்கள்: வெள்ளைப் பொடி என்றால் தண்ணீர் புகுந்து அலுமினியம் அரித்திருக்கிறது, பழுப்பு நிறப் பிசின் என்றால் பழைய எண்ணெய் வற்றியிருக்கிறது. நடுவில் பெரிய ஜெட் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரியும், அது அடைப்பது குறைவு. அதன் பக்கத்தில் ஒரு குழிக்குள், பல மாடல்களில் ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே ஒளிந்திருப்பது ஸ்லோ ஜெட். உங்கள் கோளாறு அங்கேதான். அதன் துளை தையல் ஊசியின் நுனிகூட நுழையாத அளவு சின்னது. பொருத்தமான ஸ்க்ரூடிரைவர் போட்டுக் கழற்றுங்கள், சின்னதைப் போட்டு நழுவினால் பித்தளைத் தலை உடைந்து கார்புரேட்டரே போகும். ஒயருக்குள் இருக்கும் செம்பு நூலில் ஒற்றை இழையை எடுத்து துளையில் விட்டு இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், துளையை அகலமாக்கிவிடும். பிறகு ஜெட்டைக் கண்ணுக்கு நேரே வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். அரை நிலாப் போலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி கிளீனரில் ஊற வையுங்கள். நான் ஒரு ஜெட்டோடு ஒரு மாலை முழுதும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் புள்ளி வட்டமான பிறகு அந்த எஞ்சின் இரண்டாவது இழுப்பில் ஓடி, ஸ்லோவில் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் சலசலத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும். ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தாலும் மாற்றுங்கள். கேஸ்கட் புதுசு.

துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை

எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே பீய்ச்சும் சின்னத் துளையைச் சொல்கிறேன், அதில் தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். இதில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்போம் என்பதே கிடையாது. எங்கள் ஊரில் என் அப்பா காலத்து மெக்கானிக் ஒருவர் சொல்வார், “மக்கா, தண்ணி வரலன்னா எஞ்சின் ஓடலன்னு நெனச்சிக்கோ, சத்தம் கேக்குதேன்னு ஓட்டாத.” அதுதான் சரி.

நிறுத்தியதும் அந்தத் துளையில் தங்கூஸ் (மீன்பிடி நைலான்) நரம்பை விட்டுக் குத்துங்கள், உப்பும் மணலும் அங்கேயே அடைத்திருப்பது பாதி நேரம். அடுத்து, கியர் பெட்டிப் பக்கத்தில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பம்பைத் திறக்க வேண்டும்.

எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள், கியர் கம்பி சேரும் இடத்தையும் பிரிக்க வேண்டும், அது மாடலுக்கு மாடல் வேறு. போல்ட் வராவிட்டால் பலம் போடாமல் சூடு காட்டி, துருநீக்கி எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். உப்பில் பிடித்த போல்ட் உடைந்தால் அதை எடுக்க லேத்துக்குப் போக வேண்டியிருக்கும். கீழ்ப்பகுதி இறங்கி வந்ததும் நீளமான ஷாஃப்டின் அடியில் பம்ப் பெட்டி தெரியும். உள்ளே ரப்பர் சக்கரம், அதுதான் இம்பெல்லர். இதழ்கள் ஒரு பக்கம் வளைந்து அப்படியே விறைத்திருந்தால் ஆயுள் முடிந்தது. இதழ் ஒடிந்திருந்தால், ஒடிந்த துண்டுகளை எண்ணுங்கள். மூன்று இதழ் இல்லை என்றால் மூன்று துண்டும் கையில் வர வேண்டும். வராதவை மேலே போகும் குழாயிலோ எஞ்சினின் தண்ணீர்ப் பாதையிலோ உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் ஒரு வாரத்தில் அதே கோளாறு, இந்தத் தடவை சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இம்பெல்லர் சுற்றும் கிண்ணத்திலும் அடித்தட்டிலும் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். ஷாஃப்டில் இம்பெல்லரைப் பூட்டும் சின்னச் சாவி ஒன்று உண்டு, அது விழுந்து மண்ணில் போனால் தேடுவதற்கே அரை நாள், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். புதியதைப் போடும்போது இதழ்களில் சோப்புத்தண்ணீர் தடவி, ஷாஃப்டை வலப்புறம் சுற்றியபடியே கிண்ணத்தை இறக்கினால் எல்லா இதழும் சரியான பக்கம் மடங்கும்.

திரும்ப மாட்டும்போது எல்லோரும் செய்யும் தவறு, மேலிருந்து வரும் தண்ணீர்க் குழாயின் முனை பம்பின் ரப்பர் துளையில் உட்காராமல் பக்கத்தில் நின்றுவிடுவது. போல்ட் எல்லாம் சரியாகப் பூட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வராது. டார்ச் அடித்துப் பார்த்து மாட்டுங்கள்.

பம்ப் நன்றாக இருந்தும் தண்ணீர் மெலிதாக வருகிறது, கொதிக்கிற சூட்டில் வருகிறது என்றால் தெர்மோஸ்டாட்டையும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையையும் பாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவாத எஞ்சினில் உப்பு அங்கே கல்லாக உறைந்திருக்கும். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள், கொதிக்கும் முன்பே திறந்துவிட வேண்டும். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டினால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

சத்தம் ஏறுகிறது, வள்ளம் போகவில்லை

ப்ரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், சின்ன எஞ்சின்களில் ஷியர் பின் ஒடிந்திருக்கும். பாறையில் அடித்தால் கியரைக் காப்பாற்ற அது ஒடிய வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள், அதனால் ஆணியை வெட்டி உள்ளே போடாதீர்கள், அடுத்த அடியில் கியர் பல் போகும். பின் இல்லாத மாடலில் ப்ரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அதற்கும் வெளி உடலுக்கும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டி வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் வழுக்குகிறது. அப்படியானாலும் மெதுவாக ஓட்டினால் கரை சேர்ந்துவிடலாம்.

கியரில் போட்டதும் கடகடவென்று வெளியே துள்ளினால் முதலில் கியர் கம்பியின் அளவைச் சரிசெய்து பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் உள்ளே கிளட்சின் முனைகள் தேய்ந்து உருண்டிருக்கின்றன, கியர் பெட்டியைத் திறக்க வேண்டும்.

கியர் ஆயில் வெளுத்துப்போகிறது

ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டின் வேரைப் பாருங்கள். தங்கூஸ் நரம்பு சுற்றி, சூட்டில் உருகி, சீலை வெட்டியிருக்கும், நம் கடலில் முதல் காரணம் இதுதான். நரம்பை எடுத்து சீல் மாற்றுங்கள். ஆயில் திருகுகளின் வாஷரையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை நிரப்பி, மேல் திருகை முதலில் பூட்டி, பிறகுதான் கீழே பூட்ட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்து பாதிதான் நிறையும்.

பாதி பலம்தான் இருக்கிறது

இரண்டு பிளக்கையும் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகக் காப்பிப்பொடி நிறத்தில், இன்னொன்று நனைந்து குளிர்ந்து இருந்தால் ஒரு சிலிண்டர்தான் வேலை செய்கிறது. பிளக்கை இடம் மாற்றிப் போடுங்கள், கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறவில்லை என்றால் காயில், அதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன். இரண்டு பிளக்கும் வெள்ளையாக வெளுத்திருந்தால் அதைவிட ஆபத்து, எண்ணெய் குறைவாகப் போய் எஞ்சின் உள்ளே வேகிறது, கார்புரேட்டரையும் ஹோஸையும் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

ஆயில் கலவை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு எந்த அளவு, மண்ணெண்ணெய்க்கு எந்த அளவு என்பது கையேட்டில் இருக்கும். டிசிடபிள்யூ-3 என்று போட்ட ஆயில்தான் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு. குறைத்து ஊற்றி மிச்சம் பிடித்த ஆயில், ஒரு பிஸ்டன் விலையில் முடியும்.

கடலில் விழுந்துவிட்டது

இதில் நேரம்தான் எல்லாம். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மணிக்கணக்கில் பிடிக்கும். உடனே வேலை செய்ய முடியாது என்றால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுதாக மூழ்க வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுங்கள். வேலை செய்யும்போது: மேல்மூடி கழற்றி நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சாய்த்து, ஃபிளைவீலை மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் காயவையுங்கள், பிளக் துளையில் ஆயில் ஊற்றிச் சுற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது என்றால் கயிற்றை இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். கையால் சுற்றும்போது எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்தி எஞ்சினைத் திறக்க வேண்டும். இடிக்காமல் சுற்றினால் அன்றைக்கே ஸ்டார்ட் செய்து டிரம்மில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், சூட்டில்தான் பேரிங்குக்குள் இருக்கும் ஈரம் போகும்.

பழுது பார்த்த எஞ்சினோடு முதல் நாள் தூரம் போகாதீர்கள். கரை தெரியும் தூரத்தில் ஒரு மணி நேரம், கொண்டல் (கிழக்குக்) காற்று இல்லாத காலையில், இன்னொரு வள்ளம் கண்ணில் படுகிற மாதிரி ஓட்டுங்கள். இரண்டு பிளக், பிளக் ஸ்பானர், ஷியர் பின் நாலு, ஃபிளைவீலில் நேரடியாகச் சுற்றி இழுக்க முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, ஓ-ரிங், இன்சுலேஷன் டேப், ஒரு சுருள் செம்பு இழை. இதெல்லாம் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். துடுப்பு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில்.